மாத்துங்க என்று நான்தான் சொன்னேன்

மாத்துங்க என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் சொல்லாவிட்டால் அவருடைய அம்மா, என் மாமி, சொல்லுவாள். இரண்டு பேரும் வாயைத் திறக்காவிட்டாலும், அன்றைக்கு என் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்த ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அவர் சாட்சி சொல்லுவார். ஆக, சொன்னேன். போதுமா?

என் வேலை ரத்தம் எடுப்பது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில். வீடு பக்கத்தில் காரோடு என்கிற ஊரில். எழுந்து நடமாட முடியாத ஆட்களின் வீட்டுக்கே போய், அவர்கள் வெறும் வயிற்றோடு இருக்கும்போதே ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபில் கொண்டு கொடுக்க வேண்டும். பாறசாலை, உதியன்குளங்கரை, காரக்கோணம் என்று காலையில் எட்டு வீடு, பத்து வீடு இருக்கும். முன்பெல்லாம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி என் இடது கணுக்காலின் மேல் விழுந்தது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். நடக்கலாம், நிற்கலாம், ஆலயத்தில் முழங்கால் போடலாம். கணுக்கால் மட்டும் மடங்காது. படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு போல இறங்குவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

கார் அதற்குப் பிறகு வந்தது. என் வீட்டுக்காரர் பதிமூன்று வருடமாகத் துபாயில் இருக்கிறார். அவருக்குக் கார் என்றால் கோட்டி. சம்பாதித்த காசில் மற்றவர்கள் மாடி கட்டினார்கள், இவர் ஒரு விடுமுறைக்கு வந்தபோது எர்ணாகுளத்தில் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு டர்போ காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சிவப்பு. தரையோடு தரையாகக் கிடக்கும். மிதித்தால் முதுகை சீட்டில் வைத்து அப்பும். அதை வாங்கும்போது என் கால் அவர் கணக்கிலேயே இல்லை, அது ஆட்டோமேட்டிக்காக இருந்தது என் அதிர்ஷ்டம். இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அவர் துபாய்க்குத் திரும்பிப் போன மறு வாரம் நான் சாவியை எடுத்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஒரு காரில் வந்து இறங்கி, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்டு நடை நடந்து போய் நான் ரத்தம் எடுத்தேன். முதலில் ஊர் சிரித்தது. பிறகு, "செவப்பு வண்டி வந்தாச்சா?" என்று கேட்டுத்தான் சுகர்காரர்கள் பல் தேய்த்தார்கள். கடைசி வீடு முடிந்ததும் பைபாஸில் ஏற்றுவேன். காலையில் அந்த ரோடு காலியாகக் கிடக்கும். வலது காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், டர்போ ஒரு நீண்ட மூச்சு இழுக்கும், பிறகு நானும் ஐஸ் பெட்டியும் பறப்போம். எனக்கு நாற்பத்தொரு வயது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எதிலும் வந்ததில்லை, கல்யாணத்தன்று கூட. அய்யோ, எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

போன வருட விடுமுறைக்கு அவர் வந்தார். இரண்டு மாத லீவு. வந்த நாலாம் நாள் உதியன்குளங்கரை ஜங்ஷனில் டிராஃபிக் பிளாக்கில் மாட்டிக்கொண்டபோது வண்டி விக்கல் எடுப்பது போலக் குலுங்கியது, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கியர் பெட்டிதான் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். அங்கேயே பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். மெக்கானிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிற ஆள். வேலை சுத்தம்.

மறுநாள் காலை நான் வாத்தியாருடைய கையில் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஊசியை ஏற்றிய நேரத்தில் போன் அடித்தது, ஒர்க்ஷாப்பிலிருந்து என் வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தேன்.

"பிள்ளே, ஆட்டோமேட்டிக் போயாச்சு. மாத்திரலாமா?"

"மாத்துங்க. இதுக்கெல்லாமா விளிச்சுக் கேப்பிய? வேகமா மாத்துங்க, எனக்கு வேலைக்குப் போண்டாமா?"

"ஒறப்பா?"

"ஒறப்புதான், சந்தேகமே இல்ல. கையில ஊசி இருக்கு, வையுங்க."

இவ்வளவுதான் பேச்சு. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன வில்லங்கம் என்று தோன்றும். கேரள எல்லையில், எங்கள் பக்கத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கிடக்கிறது. பல்பை மாத்து என்றால் எரிந்துபோனதைக் கழற்றி வேறு பல்பு போடு என்று அர்த்தம். நாற்காலியை மாத்து என்றால் வேறு நாற்காலி யாரும் கொண்டுவர மாட்டார்கள். இங்கிருந்து எடுத்து அந்தப் பக்கம் போடு, இடத்தைக் காலி செய் என்றுதான் அர்த்தம். ஒரே சொல். பல்பா நாற்காலியா என்று ஆள் பார்த்து, இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம், ஒருநாளும் தப்பியதில்லை. ஆட்டோமேட்டிக்கை மாத்துங்க என்று நான் சொன்னது பல்பு.

மூன்று வாரம் நான் ஆட்டோவில் வேலைக்குப் போனேன். சாமான் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னபோது, பரவாயில்லையே, மனுஷன் எனக்காக எவ்வளவு அலைகிறான் என்று உள்ளுக்குள் இளகிப் போனேன். காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் சாயங்காலம் கரியும் கிரீஸுமாக வருவார். இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஒரு நாள் சோறும் மீன் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு நானே போனேன்.

வண்டி முன்பக்கம் பிளந்து கிடந்தது. பழைய கியர் பெட்டி ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடி இருந்தது. புதிதாக வந்த பெட்டி, அதாவது கோயம்புத்தூரில் எங்கேயோ மோதி நொறுங்கிய இதே மாடல் காரிலிருந்து கழற்றிய பெட்டி, தரையில் இருந்தது. பழையதைவிடச் சின்னதாக இருந்தது. பக்கத்தில் பேப்பர் விரித்து அதன் மேல் பெடல் செட்டை வைத்திருந்தார்கள். எண்ணினேன். மூன்று. திரும்ப எண்ணினேன். மூன்றுதான்.

"இது என்னது?" என்று கேட்டேன்.

"கிளச்," என்றார் அவர். ரொம்ப சாதாரணமாக. "இனி இது மேனுவல். இந்த எஞ்சினுக்கு இதாக்கும் சேரும். ஆட்டோமேட்டிக் போட்டு இத்தன நாளும் இதைக் கொன்னுட்டானுவ."

"எனக்க காலு?"

"நீதானே பிள்ளே மாத்தச் சொன்ன. ஒறப்பான்னும் கேட்டேன்."

தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது அப்படி இல்லை என்று கத்தினேன். வேறு ஆட்டோமேட்டிக் போடுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாவம்போல ஒரு குழப்பம் இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் கேட்டது நாற்காலியோ, கையில் ஊசி இருந்த அவசரத்தில் நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ? மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் கிளச் குழாய்க்குத் துளை போட்டாயிற்று, ஒயர்களை வெட்டியாயிற்று, இனி பின்னால் போக வழியில்லை என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். "பழகிப் போவும். நீ இப்ப நல்லாத்தானே நடக்க?" என்றும் சொன்னார். மீன் குழம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எல்லாம் பூட்டிய பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதன் கம்ப்யூட்டர் பழைய கியர் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்ததாம். நீ பார்க்கிங்கில் இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்கிறது, பதில் சொல்ல அந்தப் பெட்டி இல்லை, அதனால் அசைய மாட்டேன் என்கிறது. மூன்று நாள் இப்படியே கிடந்தது. நான் மூன்று நாளும் ஜெபம் பண்ணினேன், ஆண்டவரே, அது ஸ்டார்ட் ஆகக் கூடாது, அந்தக் கம்ப்யூட்டரின் இருதயத்தைக் கடினப்படுத்தும் என்று. நாலாம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நீ பிறந்ததிலிருந்தே மேனுவல்தான் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் அது நம்பிவிட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று போதகரை வரவழைத்தார் என் வீட்டுக்காரர். எங்கள் சபையில் புது வண்டி வாங்கினால் சாவியைப் போதகர் கையில் கொடுத்து ஜெபம் பண்ணுவது வழக்கம். கியர் பெட்டிக்கு ஜெபம் பண்ணியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போதகரும் என்ன செய்வார், கர்த்தாவே இந்த வாகனத்துக்குப் புதிய பெலனைத் தந்ததற்காக ஸ்தோத்திரம் என்றார். பாயசம் மணந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமென் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதோடு விட்டார்களா? "கேறி இரி மக்களே, ஒண்ணு ஓட்டிக் காட்டு," என்று மாமி என்னை ஏறி உட்காரச் சொன்னாள். எல்லோர் முன்னிலும் உட்கார்ந்தேன். அந்த எஞ்சினின் இழுப்பைத் தாங்குவதற்காக ஸ்பெஷலாக வாங்கிய கிளச், நல்ல கால் உள்ளவனுக்கே தொடை வலிக்கும். "சவிட்டு பிள்ளே, நல்லா சவிட்டு," என்று அவர் ஜன்னலில் குனிந்து சொன்னார். மிதிக்கலாம். குதிகாலை வைத்து, இடுப்பிலிருந்து மொத்தக் காலையும் தள்ளினால் பெடல் உள்ளே போகும். மெதுவாக விடுவதற்குத்தான் கணுக்கால் வேண்டும். எனக்கு அது இல்லை. வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி மாமியின் துணிக்கொடிக்கு அடியில் போய் ஆஃப் ஆகி நின்றது. முன் கண்ணாடியில் ஒரு நனைந்த லுங்கி வந்து விழுந்தது. போதகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் லுங்கிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், வெளியே தெரியவில்லை.

லீவு முடியும் வரை அவர் தினமும் என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். நாலு நாள் போனேன். அஞ்சாம் நாள் கணுக்கால் வீங்கியது. விற்றுவிட்டு ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்றேன். எனக்க கையால செஞ்ச வண்டியாக்கும், விக்க மாட்டேன் என்றார். ஆர்.சி. அவர் பேரில். அவர் துபாய்க்குப் போனார். வண்டி ஷெட்டில் நின்றது, கோழிகள் அதன் அடியில் நிழலுக்கு ஒதுங்கின.

பிறகு நடந்தது எல்லாம் நீங்களே யூகிக்கக் கூடியதுதான். எங்கள் ரோட்டில் பஸ் வருவது அதன் இஷ்டத்துக்கு. ஆட்டோவில் தினமும் பத்து வீடு ஏறி இறங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி நான் போய்ச் சேரும்போது ஒன்பது மணி தாண்டிவிடும். வெறும் வயிற்றில் எத்தனை நேரம்தான் காத்திருப்பார்கள்? நான் நடையேறும்போது வாத்தியார் நாலு தோசையை முடித்துவிட்டு அஞ்சாவதைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "செவப்பு வண்டி எங்க மோளே?" என்றார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு லேபில் என் ரவுண்டை ஸ்கூட்டர் உள்ள வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். என்னைத் தள்ளிவிடவில்லை, நல்லவர்கள்தான். ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, ரத்தக் குப்பியில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். காலை ஏழரை பஸ்ஸில் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, ஒட்டி, மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வருவேன். ஞாயிறு ஆலயம். மறுபடியும் ஸ்டூல். "இப்பந்தான் நீ நேரத்துக்கு வீட்டுக்கு வாற," என்று மாமி சந்தோஷப்பட்டாள். எனக்கு மூச்சு முட்டியது. ஷெட்டுக்குப் போய் அந்த வண்டியின் கதவை ஓங்கி மிதித்தேன் ஒருநாள், நல்ல காலால்தான்.

அத்தனை நாளும் நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? என்னைத்தான். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லத் துப்பில்லாத சவம் என்று என்னையே திட்டினேன். வேறு ஆட்டோமேட்டிக் போடுங்க என்று மூன்று வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கடைசியில், போன மாதம், உதியன்குளங்கரையில் இறங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய பெட்டி கிடக்கிறதா, அதையே ரிப்பேர் செய்து திரும்பப் பூட்ட முடியுமா என்று கேட்கத்தான் போனேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"பழையது இல்ல சேச்சி. கொடுத்துக் களைன்னு அண்ணன் போவும்போது சொன்னாரு. கொடுத்தாச்சு."

"கெட்டுப்போன பெட்டியை யாரு வாங்கினது?"

"அது அப்பிடி ஒண்ணும் கெடல்ல. உள்ள ஒரு யூனிட்டு மட்டும் மாத்தினா போதும், நாலு நாள் வேலை. நான் அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேன்."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். "சேச்சிக்குத் தெரியும்ணாக்கும் நான் நெனச்சேன். போன்ல சேச்சிதானே மாத்தச் சொன்னது, நானும் பக்கத்துல நின்னு கேட்டேனே. அதுக்கு முன்னாடியே நான் கேட்டேன் சேச்சி, வண்டியை ஓட்டுதது சேச்சியாச்சே, அந்தக் காலுக்கு கிளச் ஒத்து வராதேன்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

அவன் துணியைக் கையில் சுற்றினான். "அதாக்கும் வேண்டியதுன்னு சொன்னாரு."

பஸ் ஸ்டாப்புக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நிழல்குடையின் கீழ் உட்கார்ந்து போனை எடுத்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நான் என்ன நெனச்சு மாத்துங்கன்னு சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். அப்பவே தெரியும். இல்லியா?"

பின்னால் பாத்திரங்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வேறெங்கோ நடந்து போனார். சத்தம் குறைந்தது.

"தெரியும்," என்றார்.

"எதுக்கு செய்திய? எனக்க காலை ரெண்டாந் தடவ ஒடிச்சுப் போட்டிருக்கிய. எதுக்கு?"

அவர் என்ன சொல்லுவார் என்று நான் தயாராக இருந்தேன். நீ வேகமாகப் போகிறாய், பயமாக இருக்கிறது என்பார். ஊர் பேசுகிறது என்பார். அம்மா வருத்தப்படுகிறாள் என்பார். ஒவ்வொன்றுக்கும் பல்லை உடைக்கிற மாதிரி பதில் வைத்திருந்தேன். அவர் அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"முன்னாடி போனை எடுத்த ஒடன, எப்ப வாறியன்னு கேப்ப," என்றார். "பல்லு தேய்ச்சியளா, சாப்பிட்டியளான்னு கேக்குததுக்கு முன்னாடியே அதைக் கேப்ப. எனக்கு எரிச்சலாட்டு இருக்கும். கார் வந்த பெறவு நீ ஒரு தடவகூட கேக்கல்ல பிள்ளே. இஞ்ச ரூம்ல எல்லாவனுக்க பெஞ்சாதியும் அதைக் கேக்கும். நான் ஒண்ணரை வருசம் காத்திருந்தேன். லீவு கிட்டியாச்சுன்னு நானாட்டு சொன்னப்பவும் நீ, செரி, வாருங்கன்னு சொன்ன."

நான் யோசித்துப் பார்த்தேன். உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்த ஒன்றரை வருடத்தையும் புரட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒருநாள் கூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைக்கவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. இது எனக்கு அதுவரை தெரியாது, அங்கே மணலில் இருந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. பாவம் என்று ஒரு நொடி இரங்கினேன். அடுத்த நொடி, நான் அவரை நினைத்து ஏங்கவில்லை என்பதற்காக என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டாரே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டும் ஒரே உடம்பில் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருந்தது.

பஸ் வருவது தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"பஸ்ஸு வந்தாச்சு. வைக்கேன்."

"பிள்ளே," என்றார். "நான் ஒனக்கு ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் பாத்துத் தரலாம். சின்னது. நாளைக்கே சொல்லலாம். நீ... ஒனக்கு எங்கிட்ட ஒண்ணும் கேக்க இல்லியா?"

என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றே சொல், நீங்க எப்ப வாறிய. கேட்டால் அடுத்த மாதம் என் பேரிலேயே ஒரு வண்டி ஷெட்டில் நிற்கும் என்பதும் தெரியும். பஸ் நின்றது, கண்டக்டர் படியில் நின்று, கேறு, கேறு என்றான். போன் காதில் இருந்தது, அவர் காத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கவில்லை.